ஐந்தாம் நாள் இல்லாத கோழிக்கரு ஸ்லைடு பெட்டி

எங்கள் விலங்கியல் லேபுக்குக் கோழிக்கரு ஸ்லைடு பெட்டி ஒன்று வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம். 24, 33, 48, 72, 96 மணி நேரக் கருக்கள், முழுக்கருவும் குறுக்குவெட்டுமாக. அட்டையில் 'நரம்பு வளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வுக்குத் தாராளமாக வாங்கலாம். 48 மணி முழுக்கருவில் சோமைட்டுகளை, அதாவது முதுகோரம் வரிசையாக இருக்கும் திசுக்கட்டிகளை, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. இரண்டு ஸ்லைடில் கண்ணாடியை ஒட்டும் பால்சம் பிசினுக்குள் காற்றுக்குமிழி இருந்தது, கேட்டதும் மாற்றித் தந்தார்கள்.

எனக்குப் பிடித்தது 96 மணி குறுக்குவெட்டுதான். தண்டுவடத்தின் வயிற்றுப்பக்க மூலையில் பாருங்கள், வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு நூல் கிளம்பி காலரும்பின் அடிவரை வந்திருக்கும். இயக்க நரம்பு அதில்தான் ஓடுகிறது. வந்தவுடன் உள்ளே நுழையாமல் ஏறத்தாழ ஒரு நாள் வாசலிலேயே நிற்கும், அப்புறம் ஐந்தாம் நாள் வாக்கில் இரண்டாகப் பிரிந்து ஒரு கூட்டம் காலின் மேல்பக்கத் தசைகளுக்கும் இன்னொரு கூட்டம் கீழ்ப்பக்கத்துக்கும் போகும். மேலே போக வேண்டிய நரம்பின் நுனியில் எஃப்-ஏ4 என்ற ஏற்பி இருக்கிறது. கீழ்ப்பக்கத் திசுவிலுள்ள எஃப்ரின்-ஏ5 என்ற புரதம் அதில் பட்டால் நுனி சுருங்கி விலகிவிடும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், அதற்குத்தான் லான்ஸ்-ஜோன்ஸ், லேண்ட்மெஸ்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980 வாக்கில் செய்த சோதனையைச் சொல்வேன்: இரண்டரை நாள் கருவில் தண்டுவடத்தின் மூன்று நான்கு கண்டங்களை வெட்டி முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள், இடம் மாறிக் கிளம்பிய நரம்புகள் வழியில் வளைந்து திரும்பித் தங்களுக்கு உரிய தசையையே பிடித்தன.

அந்தப் பிரிவு தெரிகிற 120 மணி ஸ்லைடு பெட்டியில் கிடையாது. இருப்பதிலும் எல்லாம் ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம்தான், அதில் நரம்பு நுனியைத் தேடிக் கண்தான் வலிக்கும். 1890-ல் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் காஹால் அந்த நுனியைக் கண்டதே கோழிக்கருவில்தான், வெள்ளி படிய வைக்கும் கோல்ஜி முறையில். அந்த முறையில் ஒரே ஒரு ஸ்லைடு வைத்திருந்தால்கூட அட்டையில் போட்டதற்கு நியாயம் இருந்திருக்கும்.

ஃபோன் செய்து கேட்டேன். "சிலபஸ்ல 96 வரைக்கும்தானே சார் இருக்கு" என்றார்கள்.