முன்னால் வர மறுத்த சீட்டும் புதுப்பேட்டைக் கடைக்கு நான் போட்ட மதிப்பெண்ணும்

என் உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. என் மகன் ஆறடி. வீட்டில் இருப்பதோ ஒரே கார், 2003-இல் வாங்கிய மாருதி 800. முப்பத்தொரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே அந்தக் காரின் ஓட்டுநர் சீட் என்ன பாடுபட்டிருக்கும் என்பது விளங்கிவிடும். அவன் பெங்களூரிலிருந்து வந்தால் சீட் கடைசி வரை பின்னால் போகும். அவன் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் நான் அதைக் கடைசி வரை முன்னால் இழுத்துக்கொள்வேன்.

சென்ற மார்கழியில் அவன் வந்து போனபின் சீட் முன்னால் வரவில்லை. அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கினால் ஒரு பக்கம் 'டக்' என்று விடுபடும்; மறுபக்கம் சத்தமே இல்லை. பலங்கொண்ட மட்டும் உந்தினால், அடம்பிடிக்கும் மாடு கழுத்தை மட்டும் திருப்புவதுபோல் சீட் ஒருபக்கமாகக் கோணும். அவ்வளவுதான்.

பத்து நாள் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டினேன். தப்புதான். அயனாவரம் சிக்னலில் கிளட்ச் மிதியின் அடிவரை கால் எட்டாமல் வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி நின்றது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனில் என்னைப் பற்றிய தம் கருத்தைத் தெரிவித்தார். அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் நிலையம். பெயர் வேண்டாம். குளிர்சாதன அறை, காபி இயந்திரம், எல்லாம் உண்டு. இளைஞர் ஒருவர் கம்பியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கீழே குனிந்து பார்க்கவில்லை. "மேடம், இந்த மாடல் 2014-லேயே நின்றுவிட்டது. ரெயிலை மட்டும் தனியாக வாங்க முடியாது. பழைய சீட் செட்டாகக் கிடைத்தால் மாற்றலாம்" என்றார். ரெயில் என்பது சீட் முன்னும் பின்னும் வழுக்கி நகரும் இரும்புத் தடம். 7,800 ரூபாய் என்று அச்சடித்த மதிப்பீட்டுத் தாளும் தந்தார். கூடவே, வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாமே என்று ஓர் உபதேசம். ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு முறையாகப் புதுப்பித்து, புகைச் சோதனையிலும் தேறி நிற்கும் வண்டி. ஒரு சீட் நகரவில்லை என்பதற்காகக் காரையே மாற்றச் சொல்வது, மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றதற்குக் கண்ணையே மாற்றச் சொல்வது போல இருந்தது.

மாடி வீட்டுத் தம்பிதான் புதுப்பேட்டைக்கு ஓட்டிவந்தார். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையோரம், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி பாகமாக விற்கும் தெருக்கள். கதவுகள் அடுக்கடுக்காக நிற்கும். முகப்பு விளக்குகள் மாலை மாலையாகத் தொங்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது நம் வண்டியையே நமக்குப் பாகம் பாகமாக விற்பார்கள் என்று ஒரு பழைய கேலி உண்டு. அதை நம்பி நான் காரை விட்டு இறங்கவில்லை. பின்னால் வெட்கப்பட்டேன்.

நான் சொல்லும் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், கூரை முட்டச் சீட்டுகள் அடுக்கியிருக்கும். வாசலில் சீட் ரெயில்கள் முருங்கைக்காய்க் கட்டுபோல் கயிற்றில் தொங்கும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். விலை பேசுவதற்கு முன்பே காரின் பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் டார்ச்சோடு குப்புறப் படுத்துவிட்டார். அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கோளாறு வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ரெயிலைத் தரையோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் போல்ட்டுகளைக் கழற்றச் சீட் பின்னால் போக வேண்டும். பின் போல்ட்டுகளைக் கழற்றச் சீட் முன்னால் வர வேண்டும். முன்னால் வராததுதான் நோயே. சீட்டைக் கழற்றினால்தான் நகர்த்த முடியும், நகர்த்தினால்தான் கழற்ற முடியும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான்.

பாய் ஒரு முழ நீளத் திருப்புளியைப் பின்பக்கமிருந்து ரெயிலுக்குள் விட்டார். என்னை இறங்கச் சொல்லிவிட்டு, கடைப் பையனைச் சீட்டின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டச் சொன்னார். "அழுத்தாதே, ஆட்டு" என்றார். சீட்டை ஓரிடத்தில் பூட்டி நிறுத்தும் கொக்கி ரெயிலின் பல்லில் இறுகிக் கிடக்கும்போது எவ்வளவு இழுத்தாலும் எழும்பாதாம்; சீட்டை ஆட்டினால் பாரம் ஒரு கணம் விலகும், அந்தக் கணத்தில்தான் கொக்கியைத் தூக்க வேண்டுமாம். நான் பத்து நாளாகச் செய்தது நேர்மாறு. முழு எடையோடு உட்கார்ந்துகொண்டு, காலால் தரையை உதைத்துக்கொண்டு இழுத்தேன். நான்காவது ஆட்டலில் இடப்பக்கமும் 'டக்' என்றது. சீட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பிறகு 12 எண் சாக்கெட்டைப் போட்டு ஐந்தே நிமிடத்தில் சீட்டை வெளியே எடுத்துச் சாக்கின் மேல் கவிழ்த்தார்கள்.

சீட் இருந்த இடத்தில் என் பழைய வாழ்க்கை கிடந்தது. ஐந்து ரூபாய் நாணயம், இரண்டு கொண்டை ஊசி, வேர்க்கடலைத் தோல், சிவப்புப் பேனாவின் மூடி. ரெயிலுக்குள் நொறுங்கிய சாக்பீஸ் வேறு. நான் ஓய்வு பெற்றது 2016-இல். பாய் அந்தப் பள்ளத்தில் விரலைவிட்டு எடுத்தார். சந்தனம் அரைத்ததுபோல ஒரு பசை.

"அம்மா, எண்ணெய் ஏதாவது விட்டீர்களா?"

"தேங்காய் எண்ணெய்."

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா?"

பையன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாய் சிரிக்கவில்லை. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சமையலறையில் தெரிந்தது காருக்குள் தெரியவில்லை. உறையாத நாளிலும் அது தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் என்றார். ஆக, கோளாறில் கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்சம் வயது, கொஞ்சம் நான்.

மீதியைச் செய்தது வயர். அடியில் இருக்கும் கம்பி ஒரு பக்கத்துக் கொக்கியைத்தான் நேராகத் தூக்குகிறது. மறுபக்கத்துக் கொக்கியை அங்கிருந்து போகும் மெல்லிய வயர் இழுக்கிறது. அந்த வயரின் முனைக் குண்டு துளையிலிருந்து நழுவியிருந்தது; நான்கைந்து இழைகளும் அறுந்திருந்தன. ஆறு அங்குல வயர்! 7,800 ரூபாய்த் தாள் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

பாய் மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயரிலிருந்து ஒரு துண்டை வெட்டி, திருகு வைத்த முனை போட்டு மாட்டினார். ரெயிலை மண்ணெண்ணெயில் பிரஷ் வைத்துக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, வெள்ளை கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெலிதாகத் தடவினார். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. வயரின் நீளத்தை மட்டும் ஆறேழு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "வயர் தொய்ந்தால் கொக்கி திறக்காது. முறுக்கினால் முழுசாகப் பூட்டாது. திறக்காவிட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், அவ்வளவுதான். பூட்டாவிட்டால் பிரேக் போடும்போது சீட் உங்களை ஸ்டியரிங்கில் கொண்டுபோய் மோதும்" என்றார். சீட்டைத் திரும்பப் பூட்டியதும் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, இடுப்பால் முன்னும் பின்னும் உந்தச் சொன்னார். இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாக விழ வேண்டும் என்று காதைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது பல்லில் இடப்பக்கம் ஒரு நொடி தாமதித்தது. மறுபடி சீட்டை நகர்த்தி, மறுபடி குப்புறப் படுத்தார்.

கூலியும் சாமானும் சேர்த்து 550 ரூபாய். நான் 600 கொடுத்தேன். மீதி ஐம்பதை எண்ணித் தந்தார். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மகன் இரண்டு முறை வந்து போய்விட்டான். இப்போது கம்பியை இரண்டு விரலால் தூக்கினாலே சீட் வருகிறது.

நூற்றுக்கு எண்பத்திரண்டு. குறைத்ததற்குக் காரணம் சொல்லாமல் மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு இல்லை. அரை மணி என்றார். இரண்டேகால் மணி ஆனது. கடைப் பையன் கிரீஸ் கையோடு சீட்டைத் தூக்கியதில் என் வெளிர்நீல உறையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன, இன்னும் போகவில்லை. பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியின் ஒரு காது உடைந்தது. கேட்டால், "பழசு அம்மா, தானாகவே உடைந்திருக்கும்" என்கிறான். என் வகுப்பில் இந்தப் பதில் செல்லாது. பில் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. சீட் உறை தைப்பதும் இங்கேயே உண்டு என்றார்கள். தொங்கிய மாதிரிகளைப் பார்த்தேன், தையல் நேராக இல்லை. அதற்கு வேறு கடை பாருங்கள்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சீட்டில் ஏர்பேக் உள்ள வண்டிகளில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் ஒன்று வரும். பேட்டரியைக் கழற்றாமல் அதில் யாரும் கைவைக்கக் கூடாது. பாயே அத்தகைய வண்டிகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். நான் இருந்தபோதே ஒருவரை அனுப்பினார்.

காலை பத்தரைக்குப் போனால் சந்தில் காருக்கு இடம் கிடைக்கும். ரொக்கமாகக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடையை அடைத்துவிடுவார்கள். உறையில் பதிந்த விரல்களைக் காட்டிக் கேட்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.