கொச்சி பக்கம், தூத்துக்குடி தூரம்: காயர்பித் பெட்டிக்கு எந்தத் துறைமுகம்?

பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் காயர்பித், அதாவது செடி வளர்க்க உதவும் தேங்காய் நார்த் தூள், ஏற்றுமதி செய்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். பெட்டியை (கன்டெய்னரை) கொச்சிக்கு அனுப்புவதா, தூத்துக்குடிக்கு அனுப்புவதா? எங்கள் யூனிட்டில் இரண்டு பக்கமும் அனுப்பிப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டு பெரும்பகுதி சரக்கைத் தூத்துக்குடி வழியாகவே அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

தூரக் கணக்கில் கொச்சிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. தூத்துக்குடிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி ஏறக்குறைய அதில் பாதி. காலிப் பெட்டி துறைமுகத்துப் பக்கத்து யார்டிலிருந்து கிளம்பி, நம்மிடம் வந்து சரக்கேற்றி, மறுபடி துறைமுகத்துக்குப் போகிறது. ஆகவே டிரெய்லர் வாடகை போக வர இரண்டு தடவைக்கும். விலை குறைந்த, கனமான சரக்குக்கு இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழி என்பதால் பெரிய மலையேற்றமும் கிடையாது. கேரள எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலமும் 2017-ல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்துவிட்டது.

துறைமுக வசதியைப் பொறுத்தவரை, நம் அளவுக்கு இரண்டும் போதும். கொச்சியில் டிபி வேர்ல்ட் நடத்தும் வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் தொடங்கியது, 14.5 மீட்டர் ஆழம். தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே கட்டிய செயற்கைத் துறைமுகம் அது. ஆழம் குறைவு என்ற பழைய குறையும் 2024 செப்டம்பரில் திறந்த 9-வது சரக்குத் தளத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது, அங்கே 14.2 மீட்டர். சுங்க விதிகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம் கூடத்திலேயே ஏற்றி, இ-சீல் என்ற மின்னணு முத்திரை போட்டு, எடைச் சான்று கொடுத்து அனுப்புவதில் எந்த மாற்றமும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலான பெட்டிகள் ஃபீடர் என்ற சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தொலைதூரம் போகும் பெரிய தாய்க்கப்பலுக்காகக் காத்திருக்கும். கொச்சியிலும் ஃபீடர் உண்டு என்றாலும், நேரடிக் கப்பலுக்கு வாய்ப்பு கூடுதல். காய்கறியோ மீனோ ஏற்றுகிறவர் என்றால் இந்த ஒன்றுக்காகவே கொச்சிக்குப் போகலாம். காயர்பித் சில நாள் காத்திருந்தால் கெட்டுப்போகாது.

ஆனால் நனைந்தால் கெட்டுப்போகும். என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

5 கிலோ பிளாக் என்பது நன்றாகக் காயவைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து இறுக்கிய தூள். தண்ணீர் பட்டால் உறிஞ்சி ஊதுவதுதான் அதன் குணம், அதற்காகத்தான் வாங்குகிறார்கள். பெட்டியின் கூரையில் குண்டூசித் துளை ஒன்று இருந்தால் போதும், அதற்குக் கீழே பேலட்டில் (தட்டுப்பலகையில்) அடுக்கிய பிளாக்குகள் ஊதி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஷ்ரிங்க் கவரைக் கிழித்து, பக்கத்துப் பேலட்டையும் சாய்த்துவிடும். துளையே இல்லாவிட்டாலும் பலகைத் தரை ஈரம் குடித்திருந்தால், அந்த ஈரம் வழியில் வெயிலுக்கு ஆவியாகி, இரவில் கூரையில் வேர்த்து, சரக்கின் மேல் சொட்டும். பூஞ்சை பிடித்த பிளாக்கை எந்த நர்சரிக்காரரும் ஏற்கமாட்டார். அதனால் எந்தத் துறைமுகத்தில் நல்ல காலிப் பெட்டி கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வாடகையைப் பிறகுதான் பார்ப்பேன்.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. காலிப் பெட்டிகள் திறந்த யார்டில்தான் கிடக்கும். கதவு ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். தூத்துக்குடியில் பெய்வது அதில் கால் பங்குக்கும் குறைவு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அங்கே வெயிலும் காற்றும்தான். ஊரே உப்பளம் போடுவதற்கு ஏற்ற ஊர் என்றால் பெட்டி உலர்ந்திருப்பதில் என்ன அதிசயம்?

அடுத்தது, பெட்டி முன்பு எதைச் சுமந்தது என்பது. தூத்துக்குடிக்கு மரத்தடி, கொட்டை முந்திரி, பழைய காகிதம், பஞ்சு எல்லாம் பெட்டியில் வந்து இறங்குகின்றன. மரத்தடி வந்த பெட்டியில் பக்கச்சுவர் அடிவாங்கியிருக்கும், தரை இடுக்கில் பட்டை கிடக்கும். முந்திரி வந்ததில் வாசனையும் சில நேரம் பூச்சியும் இருக்கும். பூச்சி, விதை உள்ளே வராமல் கடுமையாகச் சோதிக்கும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு அனுப்பும்போது தரை இடுக்கில் நாலு தானியம் இருந்தாலே வம்பு. ஆனால் யார்டுகள் நகரைச் சுற்றி நெருக்கமாக இருப்பதால் ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால் அன்றைக்கே இன்னொன்று கிடைத்துவிடுகிறது. எங்கள் டிரெய்லர் டிரைவர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போய்க் கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதா என்று கூரையை மூலைக்கு மூலை பார்ப்பார். அப்புறம் ஈரமானியின் இரண்டு ஊசியையும் தரைப் பலகையில் குத்தி, எண்ணைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பெட்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெட்டி கூடத்துக்கு வந்தபின் குறை தெரிந்தால் 300 கிலோமீட்டர் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா? அதனால் சோதனை யார்டிலேயே முடிய வேண்டும். அதற்குத் தூத்துக்குடி வண்டிக்காரர்களுக்கு யார்டு பழக்கம் அதிகம்.

கொச்சிப் பெட்டிகளைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் மழைக்கால அனுபவம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கேயும் மழை குறைவுதான். அந்த மாதங்களில் வாடகை மிச்சத்துக்காகக் கொச்சியையே பிடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். எந்தக் கப்பல் கம்பெனியில் புக்கிங் என்பதைப் பொறுத்தும் பெட்டியின் தரம் மாறும்.

தூத்துக்குடிக்கும் கெட்ட மாதங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டி, மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. அந்த மாதங்களில் தரைக்கு கிராஃப்ட் பேப்பரை இரட்டையாக விரிக்கிறோம், ஈரம் உறிஞ்சும் பைகளையும் கூடுதலாகத் தொங்கவிடுகிறோம்.

திருவனந்தபுரம் பக்கத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தையும் சிலர் கேட்கிறார்கள். ஆழம் 18 மீட்டருக்கு மேல், ராட்சதக் கப்பல்கள் வருகின்றன. ஆனால் அங்கே பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறும் சரக்கு. இப்போதைக்கு அது எங்கள் பட்டியலில் இல்லை.

எந்தத் துறைமுகமானாலும் புக்கிங் போடும்போதே உணவுப்பொருள் ஏற்றும் தரத்தில் பெட்டி வேண்டும் என்று ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவரிடம்) எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் யார்டு வரை போய்ச் சேராது.