வெர்னியரை டிஸ்க் விளிம்பில் வைத்து அளக்கும் மெக்கானிக்கிடம் ட்ராக் வண்டியைக் கொடுக்காதீர்கள்

ட்ராக் டேக்கு (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாள்) முன்னால் பிரேக் வேலைக்கு வண்டி விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு வேகமான வளைவில் நடந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

முன் பிரேக் டிஸ்க்கைப் பார்த்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, தடிமன் அளக்கும் வெர்னியரை வெளி விளிம்பில் வைத்து, "27.6 இருக்கு சார், புதுசு மாதிரி" என்றார். புது டிஸ்க் 28 மில்லிமீட்டர், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமன் 26. நானும் சரி என்றேன். ஏற்கெனவே இரண்டு செட் பேட்டை (டிஸ்க்கை இருபக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை) தின்று முடித்த டிஸ்க் வெறும் 0.4 மில்லிமீட்டரா தேய்ந்திருக்கும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான்: பேட் தொடாத வெளி விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு மேடு நின்றுவிடும், உள்ளே பேட் உரசும் இடம் மட்டும் பள்ளமாகிக்கொண்டே போகும். வெர்னியரின் தாடை இரண்டு பக்க மேட்டின் மேலும் உட்கார்ந்துகொண்டால் அது சொல்வது மேட்டின் தடிமன்தான். பிறகு நானே மைக்ரோமீட்டரால் உரசும் இடத்தில் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தேன், மெலிந்த இடத்தில் 25.7. அதாவது வண்டி கடையை விட்டு வெளியே வரும்போதே டிஸ்க் தூக்கிப்போட வேண்டிய நிலையில்தான் இருந்திருக்கிறது.

பேட் கதை அதைவிட மோசம். "ரேஸ் பேட், எந்த டிஸ்க்குக்கும் செட் ஆகும்" என்று சொல்லி மாட்டினார்கள், பெட்டியைக் கேட்டதற்குத் தூக்கிப்போட்டுவிட்டோம் என்றார்கள், அதனால் எந்த வெப்பநிலைக்கான பேட் என்றே எனக்குத் தெரியாது. டிஸ்க்கில் பழைய ரோடு பேட்டின் படலம் அப்படியே இருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவும் இல்லை, புது பேட்டைப் படிப்படியாகச் சூடாக்கிப் பழக்கவும் சொல்லவில்லை. இரண்டு கலவையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் படலம் திட்டுத்திட்டாகத்தான் படியும்.

மூன்றாவது லேப்பில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. ஐந்தாவதில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, அதோடு மெதுவாக ஓட்டி பிட்டுக்கு வந்துவிட்டேன். மெலிந்த டிஸ்க்கில் சூட்டைத் தாங்க இரும்பு குறைவு, அந்தச் சூடெல்லாம் பேட்டை அழுத்தும் காலிபருக்கும் பிரேக் ஃப்ளூயிடுக்கும் போகிறது. ஈரம் ஏறிய டாட் 4 ஃப்ளூயிட் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடலாம், கொதித்தால் பெடல் இப்படித்தான் பஞ்சாகும். அதையாவது மாற்றச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆறிய பிறகு பார்த்தால் பேட் அளவுக்கு ஒரு நீலக் கருப்புத் திட்டு, பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள். மேலோட்டமான வெடிப்பு ட்ராக்கில் ஓடும் டிஸ்க்கில் வருவதுதான், ஆனால் இதில் ஒன்றில் நகம் சிக்கியது, அது வெளி விளிம்பு வரை ஓடியிருந்தது. அப்படி ஒன்று இருந்தாலே டிஸ்க்கை அப்போதே கழற்றிவிட வேண்டும், தடிமன் எவ்வளவு இருந்தாலும் சரி.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க சூட்டோட நிறுத்துனதால டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்றார்கள். வளைந்திருக்கிறதா என்று அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள் என்றேன். அவர்களிடம் டயல் கேஜே இல்லை.