சியாட்டிகா: ஆஸ்டியோபதியா, பிசியோவா, ஊசியா, கத்தியா?

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாஷிங் மெஷினிலிருந்து ஈரத்துணியை அள்ளக் குனிந்தவன் நிமிர முடியாமல் நின்றேன். முதுகுவலிதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் முதுகு தேறிவிட்டது. ஆனால் வலி இடது புட்டத்தில் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி குதிகால் வரைக்கும் பாயும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போய், செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்குகிற இந்த நரம்பு வலிக்குப் பெயர்தான் சியாட்டிகா.

நான் இருப்பது லண்டனில். ஒரு வாரத்துக்குள் ஐந்து யோசனைகள் வந்துசேர்ந்தன. மதுரையிலிருந்து அம்மா போனில், "பாயை விரிச்சுப் படுடா, ரெண்டு வாரத்துக்கு எந்திரிக்காத" என்றாள். குடும்ப டாக்டர் வலி மாத்திரை எழுதிவிட்டு பிசியோதெரபிக்குப் பெயரைப் பதிந்தார். ஆபீஸில் ஒருவர் தன்னுடைய ஆஸ்டியோபத்தின், அதாவது எலும்பையும் தசையையும் கையால் அழுத்தி அசைத்து வைத்தியம் செய்கிறவரின், நம்பரைக் கொடுத்தார்; இன்னொருவர் முள்ளெலும்பைச் சொடுக்கிவிடுகிற கைரோபிராக்டர்தான் சரி என்று அடித்துச் சொன்னார். மூன்று வருடம் முன்பு முதுகில் ஆபரேஷன் செய்துகொண்ட மைத்துனன், "மாமா, யோசிக்காம பண்ணிடுங்க, நான் மறுநாளே நடந்தேன்" என்றான்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சியாட்டிகா பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே அடங்குகிற வலி. அடங்குகிற நேரத்தில் யாருடைய கை முதுகில் இருந்ததோ, பெயர் அவருக்குப் போய்விடுகிறது. அதனால் ஆஸ்டியோபதியையும் பிசியோவையும் எதிரெதிரே நிறுத்துவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் 'சும்மா இருந்தால் என்ன ஆகும்' என்பதற்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். கண்டது இது.

உள்ளே நடப்பது

கீழ் முதுகின் கடைசி இரண்டு இடுப்பு நரம்பு வேர்களும் அதற்குக் கீழே உள்ள முதல் மூன்று வேர்களும் சேர்ந்ததுதான் சியாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடித்த நரம்பு. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வு, அதாவது டிஸ்க், ஓரத்தில் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி இந்த வேர்களில் ஒன்றை அழுத்தும்போதுதான் பெரும்பாலும் வலி காலுக்கு இறங்குகிறது. அழுத்தம் மட்டுமல்ல, பிதுங்கிய கூழ் வேரைச் சுற்றிலும் ரசாயன அழற்சியையும் கிளப்பிவிடுகிறது. தும்மலுக்கே கால் அலறுவது அதனால்தான்.

பிதுங்கியது அப்படியே நிற்பதில்லை. உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கண்டு மெல்லத் தின்று கரைக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை: முழுசாகப் பிய்ந்து வெளியே வந்துவிட்ட துண்டுதான், லேசாகப் புடைத்திருப்பதைவிட அதிகமாகக் கரைகிறது. ஸ்கேன் அறிக்கையைப் படித்துப் பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது.

பாயும் படுக்கையும்

அம்மா சொன்னது ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னதுதான். நெதர்லாந்தில் 183 சியாட்டிகா நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 1999-இல் வெளியான முடிவு: 12 வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் லாபம் ஒன்றுமில்லை. மற்ற எந்த வைத்தியமும் தாண்டிக் காட்ட வேண்டிய கோடு இந்த 87-தான். படுக்காமல், எதுவும் செய்யாமல் கிடைத்த 87.

ஆஸ்டியோபத்தின் மேசையில்

அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874-இல் தொடங்கிய முறை இது. 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி திறந்தார். எலும்பும் தசையும் சரியாக அசைந்தால் ரத்த ஓட்டம் சீராகி உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்பது அவருடைய கட்சி. இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் மருந்தும் எழுதி அறுவையும் செய்கிற முழு டாக்டர். பிரிட்டனில் அப்படி இல்லை. கையால் செய்கிற சிகிச்சை மட்டும்தான். ஆனால் 1993-இல் வந்த தனிச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத யாரும் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊருக்கு ஊர் இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற படிப்பு வேறு. போர்டைப் பார்த்து உள்ளே போகாமல், அடிப்படைப் பட்டம் என்ன என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நான் போனவர் முதல் இருபது நிமிடம் முதுகைத் தொடவே இல்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலால். நுனிக்காலில் நின்றபோது இடது குதிகால் பாதி உயரத்திலேயே தளர்ந்து இறங்கியது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினார். நாற்பது டிகிரி இருக்கும், கெண்டைக்கால் வரை சுள்ளென்றது. கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினார்; வலது பாதம் துள்ளியது, இடது சோம்பலாக அசைந்தது. "கடைசி ஜவ்வு, அதற்குக் கீழ் இருக்கிற வேர்" என்றார். சுண்டுவிரல் மரத்தால் அந்த வேர். கட்டைவிரல் மேலே எழும்பாமல் போனால் அதற்கு மேல் வேர். இவ்வளவும் ஸ்கேன் இல்லாமல்.

அப்புறம்தான் கை வைத்தார். வலிக்காத பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, புட்டத்தின் உள்தசையை முழங்கையால் மெதுவாக அழுத்தினார். இடுப்பைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார்களே, அப்படி ஒரு சொடக்கு இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் செய்யவில்லை. கால் பலவீனமாக இருக்கும்போது அந்த முறுக்கு வேண்டாம் என்றார். "ஜவ்வை உள்ளே தள்ளிவிடுவீர்களா?" என்று கேட்டேன். யாராலும் தள்ள முடியாது, சொடக்குச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதுதான் என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனதே இந்தப் பதிலால்தான்.

சரி, பலன்? மேசையை விட்டு இறங்கியபோது வலி பாதியாக இருந்தது. மறுநாள் மாலை பழையபடி. இரண்டாவது முறை, இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. ஒரு முறைக்கு 55 பவுண்டு. ஆய்வு என்று பார்த்தால், சியாட்டிகாவுக்கென்றே ஆஸ்டியோபதியைச் சோதித்தவை குறைவு. எனக்குப் பிடித்தது 2000-இல் பிரிட்டனில் வந்தது. 40 நோயாளிகள், பாதிப் பேருக்கு ஆஸ்டியோபதி, மீதிப் பேருக்கு ஜவ்வைக் கரைக்கிற ஊசி. ஊசியில் போனது பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதி! முதல் சில வாரங்களில் ஆஸ்டியோபதிக்காரர்களுக்கு முதுகுவலி வேகமாகக் குறைந்தது. 12 மாதத்தில் இரு தரப்பும் சமம். பப்பாளி ஊசி பிற்பாடு சந்தையிலிருந்தே போய்விட்டது. 40 பேர் என்பது சின்னக் கூட்டம், சும்மா விடப்பட்ட மூன்றாவது பிரிவும் அதில் இல்லை. ஆனாலும் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது: ஆரம்ப வாரங்களைத் தாங்கும்படி ஆக்குகிறது, முடிவை மாற்றுவதில்லை.

கைரோவும் பிசியோவும்

கைரோபிராக்டிக்கும் அமெரிக்கப் பிள்ளைதான், 1895-இல் பிறந்தது. ஆஸ்டியோபத் இடுப்பு, தசை, மூச்சு என்று சுற்றி வருவார். கைரோபிராக்டர் முள்ளெலும்பைக் குறிவைத்துச் சட்டென்று சொடுக்குவார். பழைய கதை இது, இப்போது இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் செய்கிறார்கள். நான் கைரோவிடம் போகவில்லை. காலில் பலவீனம் இருக்கையில் வேகமான முறுக்குக்கு மனம் துணியவில்லை, அவ்வளவுதான்.

பிசியோ வேறு ரகம். தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. உள்ளே போனால் அரை மணி நேரம், அதிலும் பாதி பேச்சு. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். இடுப்பு தரையிலேயே கிடக்க வேண்டும். புஜங்காசனம் தெரிந்தவர்களுக்குப் பழகிய நிலை. இந்த உடற்பயிற்சிக்கு வழிவிட்டது ஒரு தற்செயல். 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் ஒரு கால்வலிக்காரரை மேசையில் படுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மேசையின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தது. அந்த மனிதர் அதன்மேல் குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். மெக்கென்சி திரும்பி வந்து பதறினால், கால்வலி போய்விட்டது என்றார் நோயாளி. அங்கிருந்து பிறந்த கணக்கு: கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறி, தொடைவலி முதுகுக்கு ஏறினால் நல்ல அறிகுறி, முதுகு முன்பைவிட வலித்தாலும்கூட. எனக்கு ஐந்தாம் நாள் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு வந்தது.

ஆஸ்டியோபதியையும் பிசியோவையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆஸ்டியோபதியில் நான் படுத்திருந்தேன், அவர் வேலை செய்தார். பிசியோவில் வேலை என்னுடையது, காசு இல்லை, ஆனால் தினம் ஆறு தடவை. வலி உச்சத்தில் இருந்த முதல் மூன்று வாரம் அந்த உடற்பயிற்சியைச் செய்யச் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது. பிரிட்டனின் அரசு வழிகாட்டியான நைஸ் 2016-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே: கையால் செய்கிற சிகிச்சையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் யோசிக்கலாம். இடுப்பை இழுத்துக் கட்டுகிற ட்ராக்‌ஷனை அது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நம்மூரில் அதற்கு இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

மாத்திரை, ஊசி, கத்தி

நரம்பு வலிக்கென்று பிரீகாபலின் எழுதுவது வழக்கம். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகா நோயாளிகளுக்கு பாதிப் பேருக்கு அதையும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைவதில் வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் மட்டும் பிரீகாபலினில் அதிகம். 2020-இல் நைஸும் அதைச் சியாட்டிகாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்றது. முதுகில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி கடும் வலியில் கொஞ்சம் மூச்சுவிட வைக்கும். ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால், வலிக்கு 100 வரை மதிப்பெண் போட்டால் அதில் ஏறக்குறைய 5 புள்ளி குறைகிறது, அதுவும் சில வாரங்களுக்கு.

கத்தியின் கதை வேறு, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. 2007-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு: 6 முதல் 12 வாரம் கடுமையான வலியில் இருந்த 283 பேர். சீக்கிரம் அறுவை செய்துகொண்ட பிரிவு ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தேறியது. காத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேர் கடைசியில் தாங்களே அறுவைக்குப் போனார்கள். ஒரு வருடத்தில் இரு பிரிவிலும் 95 சதவீதம் தேறியிருந்தார்கள். ஆனால் 4 மாதத்தைத் தாண்டியும் வலி விடாதவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. 2020-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வில், அப்படிப்பட்ட 128 பேரில் அறுவை செய்தவர்களின் கால்வலி ஆறு மாதத்தில் 10-க்கு 2.8, செய்யாதவர்களுக்கு 5.2. மைத்துனன் அறுவை செய்துகொண்டபோது அவனுக்கு வலி வந்து ஏழாவது மாதம். அவன் செய்தது சரிதான். அவன் எனக்கு யோசனை சொன்னபோது எனக்கு ஒன்றாவது வாரம்.

ஒரே ஒரு இடத்தில் இந்த ஒப்பீடு முழுவதும் செல்லாது. மூத்திரம் வரவில்லை அல்லது தெரியாமல் போகிறது, இரண்டு தொடைக்கும் நடுவே சைக்கிள் சீட் படுகிற இடம் மரக்கிறது, வலி இரண்டு காலிலும் இறங்குகிறது என்றால் ஆஸ்டியோபத்தும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவு. பாதம் நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டே போனாலும் தள்ளிப்போடக் கூடாது.

நான் ஆஸ்டியோபத்திடம் நான்கு முறை போனேன். ஐந்தாவது முறைக்குத் தேதி கேட்டபோது, பிசியோ தொடங்கிவிட்டதால் வேண்டாம், காசை வைத்துக்கொள் என்றார். பதினொன்றாவது வாரத்தில் நுனிக்காலில் பத்து முறை ஏறி இறங்க முடிந்தது. சுண்டுவிரல் ஓரம் இன்னும் கொஞ்சம் மரத்தே இருக்கிறது. செருப்பு கழன்றால் இப்போது தெரிகிறது. அம்மாவிடம் பாயில் படுத்துதான் சரியானது என்று சொல்லியிருக்கிறேன்.