ஸ்பென்சர் பிளாசா: ஒரு குன்னூர்க்காரனின் முப்பது வருட அனுபவம்

எனக்குக் குன்னூர். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு வருவேன், வந்தால் ஸ்பென்சர் பிளாசா மாலுக்குள் தலைகாட்டாமல் திரும்புவதில்லை. முதல் தடவை 1994ல், அப்பாவோடு. மேட்டுப்பாளையத்திலேயே கழற்றிப் பையில் திணித்த ஸ்வெட்டரை உள்ளே ஏசியில் நின்றுகொண்டு மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டார். "குளிருக்குக் காசு செலவு பண்றானுங்க பாரு" என்றார். எங்கள் ஊரில் அது சும்மா கிடைக்கிறது.

அப்பாவுக்கு ஸ்பென்சர் என்றால் மால் கிடையாது, துரைமார் கடை. ஊட்டியிலும் அவர்களுக்குக் கிளை இருந்தது. 1863ல் சென்னையில் டுராண்ட், ஸ்பென்சர் என்ற இரண்டு பேர் ஆரம்பித்தது, பிறகு யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்து, 1895ல் மவுண்ட் ரோட்டில் இந்தோ-சாரசெனிக் பாணியில் பெரிய கட்டடமாக எழும்பியது. அது 1983ல் தீப்பிடித்து அழிந்தது. இப்போது நாம் பார்ப்பது அதே இடத்தில் புதிதாகக் கட்டி 1991ல் திறந்தது, பிறகு பகுதி பகுதியாக வளர்ந்தது. அதனால்தான் ஃபேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே வழி இப்படிக் குழப்புகிறது. முப்பது வருஷமாகியும் நான் நுழைந்த வாசல் வழியாக வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

புத்தகத்துக்கு லேண்ட்மார்க், கேசட்டுக்கு மியூசிக்வேர்ல்டு என்று பாதி நாள் ஓடிவிடும். இரண்டுமே இப்போது இல்லை. 2010ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் வந்தது, அப்புறம் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் மால், கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. இங்கே ஷட்டர் இறக்கிய கடைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். காஷ்மீர் சால்வைக் கடைக்காரர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். குன்னூர்க்காரனிடம் கம்பளி விற்கப் பார்ப்பவரை என்ன சொல்ல?

நான் இன்னும் போவது ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரருக்காக. அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச்சை அவர்தான் பார்ப்பார். கண்ணில் லென்ஸை மாட்டி, பின்மூடியை நெம்பி, ஓரத்தில் படிந்த பச்சையை ஊசியால் சுரண்டி ஒரு வெள்ளைத் தாளில் தட்டுவார். "மலை வாட்ச்சு சார், உள்ளேயே மழை பெய்யுது" என்பார். கண்ணாடிக்குள் மூடுபனி கோத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஊரிலும் ஆள் இருக்கிறார்கள், சரி, ஆனால் இந்த வாட்ச்சின் பழைய சீக்கெல்லாம் இவருக்குத் தெரியும். மற்றபடி கவனம் வேண்டும். இதே மாலில் ஒரு கடையில் வாங்கிய சார்ஜர் ஊர் போய்ச் சேர்வதற்குள் படுத்துவிட்டது, பில்லும் கிடையாது, யாரிடம் போய்க் கேட்பது.

போவதற்குச் சிரமமில்லை. 2019க்குப் பிறகு சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் எல்.ஐ.சி., அங்கிருந்து நடந்துவிடலாம். பிராண்டட் துணி, சினிமா என்றால் வேறு மால் பாருங்கள். ரிப்பேர், சின்னச் சின்ன சாமான், பேரம் பேசப் பொறுமை இருந்தால் இந்த மாலுக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுப்பேன்.

போன மாசம் போனபோது அவர் கடை இருந்த இடத்தில் பூட்டு. திக்கென்றது. பக்கத்து செல்போன் கடைப் பையன் எழுந்துகூட வரவில்லை, கையை மட்டும் நீட்டி, "அந்தாண்ட ஃபேஸுக்கு மாறிட்டாரு, வாடகை கம்மியாம்" என்றான். தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.