சின்ன 9 மிமீ பிஸ்டல்: 600 தோட்டா சுட்ட பிறகு

வாங்கிய முதல் நாளே 100 தோட்டாவில் ஒன்பது முறை சிக்கியது. அன்று ராத்திரியே எழுதியிருந்தால் "வாங்காதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். 600 தோட்டா சுட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன். அந்த ஒன்பதில் துப்பாக்கியின் குற்றம் எது, மேகசினின் (தோட்டா அடுக்கும் பெட்டி) குற்றம் எது, என் கையின் குற்றம் எது என்று இப்போதுதான் பிரித்துச் சொல்ல முடிகிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயம் இந்த அளவில் வரும் எந்தப் பிஸ்டலுக்கும் பொருந்தும்: பாலிமர் உடல், 9×19 தோட்டா, சுமார் 3 அங்குல பேரல், பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் இரண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் சுத்தமாக விடுகிறது, குறி பார்க்கும் சைட் இரண்டும் உலோகம், கையில் பிடிக்க வசதி, குறியும் தப்பவில்லை. இதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை.

குறை முழுக்க ஓட்டத்தில்தான். பெரிய பிஸ்டலில் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) கனமாக இருக்கும், பின்னால் போய் வர தூரமும் நிறைய. சின்னதில் ஸ்லைடு இலேசு, ஓடும் தூரம் குறைவு, அதை ஈடுகட்ட, ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் விறைப்பு. ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காலிக் கூட்டை வெளியே வீச வேண்டும், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளும் சின்னத் தவறை இது பொறுக்காது. அதனால் "ஜாம் ஆச்சு" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது, எப்படி ஜாம் ஆச்சு என்பதுதான் முக்கியம்.

இரண்டாம் நாள் ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போனேன். மேகசின்களின் அடியில் பெயின்ட்டால் 1, 2 என்று எழுதினேன். ஒவ்வொரு முறை சிக்கியபோதும் துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, உடனே ஸ்லைடை இழுத்துத் தள்ளாமல், விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, என்ன எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதினேன். 100 தோட்டாவில் ஆறு சிக்கல். நான்கில் தோட்டாவின் மூக்கு கீழே குத்தி ஃபீட் ராம்ப்பில் (தோட்டாவைப் பேரலுக்குள் ஏற்றிவிடும் சரிவு) முட்டி நின்றது, நான்குமே 2-ஆம் எண் மேகசின். மற்ற இரண்டும் ஸ்டவ்பைப், அதாவது காலிக் கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடில் மாட்டிப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்பது. அது இரண்டு மேகசினிலும் ஒவ்வொன்று.

வீட்டுக்கு வந்து இரண்டு மேகசினையும் காலி செய்து பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 1-இல் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தோட்டாவின் மூக்கை நிமிர்த்துவது அதுதான். 2-இல் அதே ஸ்பிரிங் முன்பின்னாக மாற்றிப் போடப்பட்டிருந்தது, அதனால் ஃபாலோயர் (ஸ்பிரிங்கின் மேல் தோட்டாவைத் தாங்கும் தட்டு) முன்பக்கம் சாய்ந்து, விரலால் அழுத்தினால் தலையாட்டிக்கொண்டே இறங்கியது. தொழிற்சாலையில் யாரோ அவசரத்தில் கோத்திருக்கிறார்கள். திருப்பிப் போட்டேன், இரண்டு நிமிட வேலை. மூக்கு குத்துவது அதோடு நின்றது, இன்று வரை ஒரு முறைகூட வரவில்லை. இதைக் கண்டுபிடிக்காமல் ஃபீட் ராம்ப்பைப் பாலிஷ் போடக் கிளம்பியிருந்தால் நல்லாயிருந்த பேரலைக் கெடுத்திருப்பேன்.

ஸ்டவ்பைப் வேறு கதை. நீண்ட காலம் சுட்டுப் பழகிய நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அதே மேகசின், அதே பெட்டியின் 115 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா, அவர் 50 சுட்டார், ஒன்றும் சிக்கவில்லை. நான் 50 சுட்டேன், இரண்டு. "மணிக்கட்டைப் பூட்டுங்க, விரலை இறுக்கிப் பிரயோஜனம் இல்லை" என்றார். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடோடு சேர்ந்து உடலும் பின்னால் வந்துவிடும், ஸ்லைடு முழுத் தூரம் போகாது, கூட்டை வீச வேகம் இருக்காது. இலேசான பாலிமர் உடலில் இது சீக்கிரம் தெரியும். கொஞ்சம் வீரியம் கூடிய 124 கிரெய்ன் தோட்டாவில் என் பழைய பிடியிலும் ஸ்டவ்பைப் வரவில்லை, அப்போதுதான் சந்தேகம் தீர்ந்தது. பிடியை மாற்றினேன். மாற்றியதும் புதிதாக ஒன்று: கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்கவில்லை. முன்னால் நீட்டிய கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் நெம்பு) அமுக்கிக்கொண்டிருந்தது. விரலை அரை அங்குலம் இறக்கினேன், சரியானது.

முதல் நாள் ஒரு தடவை ஸ்லைடு முழுக்க மூடாமல் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி வைத்து நின்றதே, அது சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிய தோட்டா, வேறு துப்பாக்கிக்காக அளவெடுத்துச் செய்தது. பேரலைத் தனியாகக் கழற்றி, முனை கீழே பார்க்க, அந்தத் தோட்டாவைச் சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) போட்டுப் பாருங்கள். "டக்" என்று விழ வேண்டும், விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். அது சுற்றவில்லை, அகன்ற மூக்கு ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) பிடித்துக்கொண்டது. இது தோட்டாவின் குற்றம், பிஸ்டலை நோக வழியில்லை.

ஆனால் உண்மையான குற்றமும் ஒன்று இருந்தது. 400-ஐ நெருங்கும்போது காலிக் கூடு சேம்பரிலேயே தங்கி, அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் இடித்தது, ஒரே நாளில் மூன்று முறை. நல்ல தோட்டா, சரியான மேகசின், என் நண்பர் கையிலும் ஒரு முறை. கம்பெனிக்கு அனுப்பினேன். "சோதித்தோம், குறை இல்லை" என்று அப்படியே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இரண்டாவது முறை நோட்டின் பக்கங்களையும், சேம்பரில் கூடு நிற்கும் படங்களையும், விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் நகம்) வழுக்கிய கீறல் உள்ள கூடு ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். இந்த முறை எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும் புதிதாக மாற்றி வந்தது. எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தில் தயாரிப்பின்போது தங்கிய ஒரு உலோகப் பிசிறு நகத்தை முழுக்க மூட விடவில்லை என்று எழுதியிருந்தார்கள். முதல் முறையே பார்த்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிச் சோதிக்கும்போது ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்குப் பக்கம் வைத்து 30 விநாடி காத்திருங்கள், பிரைமர் (தோட்டாவின் பின்னால் இருக்கும் பற்றவைப்பு மூடி) தாமதமாகப் பற்றலாம். சத்தம் வழக்கத்தைவிட மெல்லிசாக "புஸ்" என்று வந்தால் அடுத்த தோட்டா சுடவே கூடாது, குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து பேரலைக் கழற்றிப் பாருங்கள்.

ரிப்பேருக்குப் பிறகு 200 தோட்டா, அதில் 50 ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி உள்ளது), இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றி. ஒரு சிக்கலும் இல்லை. ரீகாயில் ஸ்பிரிங் சின்ன பிஸ்டலில் சீக்கிரம் தளரும், அதனால் சுட்ட எண்ணிக்கையை நோட்டில் தொடர்ந்து எழுதி வருகிறேன்.

பிஸ்டலுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், சர்வீஸுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. புதிதாகச் சுடப் பழகுகிறவருக்கு இதை முதல் துப்பாக்கியாகச் சொல்ல மாட்டேன், அவருக்கு இதே 9 மிமீ-இல் பெரிய உடல் போதும். போன வாரம் மூன்றாவது மேகசின் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைத்தான் பார்த்தேன். சரியாகப் போட்டிருந்தார்கள்.