புதுச்சேரி ஆய்வகக் கடைகளில் விற்கும் 10 எக்ஸ் மடக்கு லென்ஸ்: புல்தரைக் களைகளுக்கு இதுவே சரி

லானில் ஒட்டிக் கிடக்கும் பொடிக் களைகளை இனம் பிரிக்க 10 எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் போதும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட்டாக, 18 முதல் 21 மி.மீ. விட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்திலேயே '30 எக்ஸ்', '60 எக்ஸ்' என்று பொறித்த மலிவு லென்ஸ்களும் தொங்கும். பொறிப்பை நம்ப வேண்டாம். கடைக்குள் வெள்ளைத் தாளை வாசலைப் பார்க்கப் பிடித்து, தெருக்காட்சி தாளில் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்துங்கள். இடைவெளியை மி.மீ.யில் அளந்து, 250-ஐ அதனால் வகுத்தால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 25 மி.மீ. வந்தால் 10 எக்ஸ். நிஜமான 30 எக்ஸுக்குச் சுமார் 8 மி.மீ.தான் வரும்; அப்படிப்பட்ட கண்ணாடி மிகச் சிறியதாக இருக்கும். லென்ஸ் வழியே கிராஃப் தாளைப் பார்த்து, ஓரக் கோடுகள் வளைந்தால் வாங்காதீர்கள்.

பலர் செடிக்கு மேல் லென்ஸை நீட்டிப் பிடித்துவிட்டு, தெரியவில்லை என்கிறார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, செடியைத்தான் அதன் பக்கம் கொண்டுவர வேண்டும்.

இந்த லென்ஸின் அருமை நான்கிதழ்ப் பூக்களில் தெரியும். நீலகிரிப் புல்தரைகளில் மேற்காசியாவிலிருந்து வந்து பரவிய ஒருபருவச் செடி வெரோனிகா பெர்சிகா. 8 முதல் 12 மி.மீ. அகல நீலப் பூ, கீழிதழ் மட்டும் சிறியது, மகரந்தத்தாள் இரண்டே. காய் இதய வடிவம். பறித்தால் இதழ்வட்டம் தாள்களோடு கழன்று விழுந்துவிடும், ஆகவே தரையில் இருக்கும்போதே எண்ணிவிடுங்கள். புதுச்சேரி வெயிலில் இதைத் தேட வேண்டாம். இங்கே அதே குடும்பத்து அமெரிக்க வரவு சர்க்கரை வேம்பு, அதாவது ஸ்கோபேரியா டல்சிஸ்: வெள்ளைப் பூ, தாள்கள் நான்கு, தொண்டையில் அடர்ந்த மயிர். பற்பாடகத்துக்கும், அதாவது ஓல்டன்லாண்டியா கோரிம்போசாவுக்கும் நான்கிதழ், நான்கு தாள்தான்; ஆனால் காயின் உச்சியில் புல்லிப் பற்கள் (பூவின் வெளிப்பச்சை இதழ்களின் நுனிகள்) நிற்கும், இலைகளுக்கு இடையில் நுண்முள் போன்ற இலையடிச் செதில் இருக்கும். இந்த இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம், லென்ஸில் ஒரு நொடி வேலை.

மஞ்சள் பூ மெக்கார்டோனியா புரோகும்பென்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதன் ஐந்து புல்லிகளில் வெளி மூன்று அகலம், உள் இரண்டு நூல்போல். காய்ந்தால் செடி கறுத்துவிடும், அதனால் பச்சையாகவே பாருங்கள்.

குறை ஒன்று உண்டு. கடற்காற்றில் மடக்குத் திருகு துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதித் தள்ளுங்கள். துணியால் தேய்த்தால் கீறல் நிரந்தரம். கழுத்தில் மாட்டச் சிவப்புக் கயிறு கட்டுங்கள், புல்லில் விழுந்தால் கண்ணில் படும்.